ஒரே புனிதருக்கு இரண்டு நேர்த்தி

என் மகள் தேர்தலில் தோற்க வேண்டும் என்று அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது, அவள் வெல்ல வேண்டும் என்று அதே அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட என் மனைவி மாக்கிரட் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் தன் நேர்த்தியைக் கோயில் பங்குச் சனம் முழுவதற்கும் சொல்லியிருந்தாள். நான் என்னுடையதை ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம். மாக்கிரட்டின் கையில் கத்தி இருந்தது இன்னொரு காரணம்.

எங்கள் தமிழ்ப் பங்கில் தொலைந்த சாவி, தொலைந்த பாஸ்போர்ட், தொலைந்துபோன மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் அந்தோனியாரிடம்தான் போவோம். கேட்டது நடந்தால் செவ்வாய்க்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் பேக்கரிப் பாண் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் ‘என்ன விசேஷம்?’ என்று கேட்பார். கொடுக்கிறவர் சொல்ல வேண்டும். அதுதான் முறை. நேரும்போது இந்தக் கடைசிப் பகுதியை நான் யோசிக்கவில்லை. நான் பொதுவாகவே கடைசிப் பகுதிகளை யோசிக்கிறவன் அல்ல.

தேர்தல் நாங்கள் இருக்கிற மொன்றியலில் இல்லை, இங்கிலாந்தில். மார்க்கற் ஹார்ல்பி என்று ஒரு சின்ன நகரம். வியாழக்கிழமைகளில் நடுச்சதுக்கத்தில் சந்தை கூடுமாம். நாங்கள் ஜான்-டலோன் சந்தைக்கு நடந்துபோகிற தூரத்தில் இவ்வளவு காலமாக இருக்கிறோம், அதற்காக ஊரின் பெயரிலேயே சந்தையைக் கட்டித் தொங்கவிடவில்லை. மகள் றொஷினி இங்கே பிறந்து, இங்கேயே மருந்தாளர் படிப்பை முடித்து, மாட்டின் என்ற ஒரு நெட்டை வெள்ளைப் பொடியனைக் கட்டிக்கொண்டு அவனுடைய ஊருக்குப் போனாள். அந்தச் சதுக்கத்தில் இருக்கும் மருந்துக்கடை அவள் பொறுப்பில். நான் டோர்வலில் விமானச் சாப்பாடு தயாரிக்கும் இடத்தில் வேலை. லண்டன் போகிற விமானத்துக்குத் தட்டு அடுக்கும்போதெல்லாம், இந்தக் கோழிக்கறி என் பிள்ளையின் பக்கம் போகிறது, நான் போகவில்லை என்று நினைத்துக்கொள்வேன். கோழிக்கறிமேல் பொறாமைப்படுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

சதுக்கத்தில் இருந்த பொதுக் கழிவறையை நகரசபை பூட்டிவிட்டது. சந்தைக்கு வருகிற வயதான பெண்கள் றொஷினியின் கடைக்குள் வந்து, மருந்து வாங்குவதுபோல நின்றுவிட்டு, மெதுவாக ‘உள்ளே போகலாமா’ என்று கேட்பார்களாம். கழிவறையைத் திறக்கவேண்டும் என்று இவள் கடிதம் எழுதினாள், கையெழுத்து வாங்கினாள். கடைசியில் சுயேச்சையாக நகரசபைத் தேர்தலிலேயே நின்றுவிட்டாள்.

“உன்னைப் பார்மசி படிப்பிச்சது கக்கூஸ் திறக்கவோ?” என்று போனில் கேட்டேன்.

“ஓம் அப்பா. மருந்தை விட அதுதான் அவசரம்.”

என் பிள்ளைதான். சந்தேகமே இல்லை.

அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலை அவள் கடையைத் திறக்கப் போனபோது, கண்ணாடியில் சிவப்புப் பெயின்ற்றால் ‘திரும்பிப் போ’ என்று எழுதியிருந்தது. மாட்டின் படம் எடுத்து அனுப்பினான். நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரும்பிப் போ என்றால் எங்கே போவது? அவள் பிறந்தது மொன்றியலில். ஆகவே எழுதினவன் அவளை மொன்றியலுக்குப் போகச் சொல்கிறான். அவள் போன நாளிலிருந்து நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்?

“இஞ்சை பார் மாக்கிரட், இவனும் நானும் ஒரே கட்சி” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பு வந்து சொல்லவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக் கதவில் கடிதம் போடும் ஓட்டைக்குள்ளால் ஒரு தீக்குச்சி விழுந்து கிடந்தது. எரித்து அணைத்த குச்சி. ஒன்றே ஒன்று. பொலிஸ் வந்து பார்த்துவிட்டு, இதை வைத்து ஒன்றும் செய்வது கஷ்டம் என்று சொன்னதாம். அங்கே பிறந்த பொலிஸுக்கு அது ஒரு தீக்குச்சி. எண்பத்துமூன்றில் தமிழர் வீடுகளை எரித்த பிறகு இலங்கையை விட்டு ஓடி வந்தவனுக்கு அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

அன்று றொஷினியின் குரலில் முதல்முறையாகப் பகிடி இல்லை. “இப்ப விலகினா அவங்களுக்குப் பயந்து போனதா இருக்கும் அப்பா. தேர்தல் முடியட்டும். வெண்டா இஞ்சையே இருக்கிறம். தோத்தா, இந்த ஊருக்கு நான் வேண்டாம் எண்டுதானே அர்த்தம். அங்கை வாறம். மாட்டினும் ஓமெண்டிட்டான்.”

அடுத்த நாள் வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போனேன். ஆளில்லை. அந்தோனியாருக்கு முன்னால் நின்று, “அவள் தோக்கவேணும், ஐயா. ஒரு கூடை பாண்” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவருடைய கையில் இருந்த குழந்தை இயேசு என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை எண்ணிக்கை. அவர்களுக்கு மதியம் என்றால் எங்களுக்குக் காலை. நான் வேலையை மாற்றி எடுத்துக்கொண்டு வீட்டில் நின்றேன். விடிந்ததும் விடியாததுமாய் ஜெராட் வந்து இறங்கினான். பக்கத்துத் தெருவில் இருக்கிறவன், எங்கள் பங்கின் சகல வாழ்த்துகளுக்கும் இரங்கல்களுக்கும் பொறுப்பானவன். யாராவது பாஸானாலும் செத்தாலும் அவனுடைய போனிலிருந்து பூ வைத்த படம் ஒன்று வாட்ஸப்பில் வந்துவிடும்.

“அக்கா, டிசைன் ரெடி” என்று மாக்கிரட்டிடம் காட்டினான். றொஷினியின் படத்தைச் சுற்றி மல்லிகைப்பூ. மேலே இங்கிலாந்துக் கொடி, கீழே கனடாக் கொடி. நடுவில் ‘வெற்றி வாகை சூடிய எமது மொன்றியல் மண்ணின் மகள்’.

“டேய், இது அவள் சின்னனிலை எடுத்த முதல்நன்மைப் படமல்லோ?” என்றேன். “கவுன்சிலருக்குத் தலையிலை வெள்ளை முக்காடு போட்டிருக்கு.”

“முகம் நல்ல தெளிவு அண்ணை. வெண்ட பிறகு ஆர் முக்காட்டைப் பாக்கினம்?”

“வெல்லட்டும் முதல்.”

“வெல்லுவாள்” என்றாள் மாக்கிரட், செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு. “நான் அந்தோனியாரிட்டைச் சொல்லிப்போட்டன்.”

நான் கோப்பியைக் குடித்தேன். நாக்கு வெந்தது.

றொஷினியின் வட்டாரத்தில் ஒரேயொரு ஆசனம். எதிரே நின்றவர்களில் கணக்கில் எடுக்கவேண்டிய ஆள் ஒருவர்தான்: பென்ட்லி என்ற கிழவர். பல வருடமாக அந்த ஆசனத்தில் இருக்கிறவர். வீட்டுக்கு முன்னால் தேலியாப் பூ வளர்த்து, சந்தை நாளில் வருகிற போகிறவர்களுக்குக் கொடுப்பாராம். பிரஷர் குளிசை றொஷினியின் கடையில்தான் வாங்குவார். நல்ல மனுஷன். அவர் நல்லவராக இருந்தது எனக்கு ஒரு ஆறுதல். கெட்டவன் வெல்லவேண்டும் என்று நேர்ந்திருந்தால் பாவமன்னிப்பு அறையில் கூடநேரம் இருக்கவேண்டி வந்திருக்கும்.

எண்ணுகிற மண்டபத்துக்குள் நின்ற மாட்டின், வெளியே வந்து போன் எடுத்தான். அவனுக்குத் தெரிந்த தமிழ் ‘மாமா’ மட்டும்தான், மற்றதெல்லாம் இங்கிலிஷ். மாக்கிரட் போனைப் பிடுங்கிக் கேட்டாள். முகம் சுருங்கியது.

“என்னவாம்?”

“ரெண்டு பேருக்கும் ஒரேயளவு வோட்டாம்.”

“ஒரேயளவெண்டா?”

“ஒரேயளவெண்டா ஒரேயளவுதான்! ஒண்டு கூடவுமில்லை, குறையவுமில்லை. இப்ப திரும்ப எண்ணுகினமாம்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். பாவம் அந்தோனியார். ஒரே விலாசத்திலிருந்து இரண்டு விண்ணப்பம். மனுஷிக்கும் இல்லை என்று சொல்ல முடியாமல், மனுஷனுக்கும் இல்லை என்று சொல்ல முடியாமல், தன்னால் ஆனமட்டும் நீதியாக நடந்திருக்கிறார்.

இதற்கிடையில் ஜெராட்டின் விரல் சும்மா இருக்கவில்லை. ‘தோக்கேல்லைத்தானே’ என்ற நியாயத்தில் படத்தை அனுப்பிவிட்டான். திரும்ப எண்ணி முடிவதற்குள் பங்கின் வாட்ஸப் முழுக்கக் கும்பிட்ட கைகள். ஃபாதர் கூட ஒரு சிலுவை போட்டிருந்தார்.

“டிலீற் பண்ணடா!”

“பண்ணினா அபசகுனம் அண்ணை.”

திரும்ப எண்ணியும் அதே முடிவு. மாட்டின் மறுபடி எடுத்தான். இப்படி வந்தால் சீட்டுக் குலுக்கித்தான் முடிவெடுப்பார்களாம், அதுதான் அவர்களுடைய சட்டமாம். அதிகாரி அம்மா இரண்டு பெயரையும் இரண்டு உறைக்குள் போட்டு, யாருடையதோ வெறும் பிஸ்கற் ரின் ஒன்றுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறாராம்.

“பிஸ்கற் ரின்னோ!” என்றான் ஜெராட். “உலகத்தை ஆண்ட சனம் அண்ணை.”

மாக்கிரட் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களும் சொல்லுங்கோ. சத்தமாச் சொல்லுங்கோ” என்று அருள்நிறை மரியே தொடங்கினாள். நானும் சொன்னேன். வாய் மரியாயைக் கூப்பிட்டது; உள்ளே ஒருவன் பென்ட்லி, பென்ட்லி என்று கத்திக்கொண்டிருந்தான். மாக்கிரட்டின் உள்ளங்கை வியர்த்திருந்தது. என்னுடையதும்தான். ஒரே ஈரத்துக்குள் இரண்டு வேண்டுதல்.

போன் சிணுங்கியது. மாட்டின் ஒரு சொல்தான் சொன்னான்.

“பென்ட்லி.”

மாக்கிரட் துவாயால் முகத்தை மூடிக்கொண்டாள். ஜெராட் போனைத் தட்டித் தட்டி எதையோ அழித்தான். எனக்கோ, சொல்ல வெட்கம், நெஞ்சிலிருந்து பாறாங்கல் ஒன்றை யாரோ தூக்கி எடுத்ததுபோல் இருந்தது. எழும்பிப் போய் அவளுடைய பழைய அறைக் கதவைத் திறந்தேன். அரிசிச் சாக்கு, பனிக்காலச் சப்பாத்துகள், ஓடாத தையல் மெஷின். எல்லாவற்றையும் நிலக்கீழ் அறைக்கு இறக்கவேண்டும். மாட்டினின் காலுக்கு இந்தக் கட்டில் காணாது. கட்டிலில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல வசதியான தண்ணீர். யார் பார்த்தாலும் துக்கம் என்றுதான் நினைப்பார்கள்.

அந்தக் கோலத்தில்தான் றொஷினி வீடியோவில் வந்தாள். மண்டபத்துக்கு வெளியே ஒரு மதிலில் குந்தியிருந்து சான்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் மயோனிஸ்.

“அப்பா, அழாதேங்கோ.”

“இல்லையம்மா.”

“அழுறியள்.”

“வெங்காயம்.”

“பெட்றூமிலையோ?”

மாக்கிரட் பின்னால் வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். “பறவாயில்லை ராசாத்தி. அறையை ஒதுக்கிறம். நீங்கள் ரெண்டு பேரும் வாங்கோ.”

றொஷினி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். “அம்மா, அப்பா, ரெண்டு பேரும் கேளுங்கோ. நாங்கள் வாறேல்லை.”

“தோத்தா வாறம் எண்டு நீதானே சொன்னனீ?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கடைக்காரனோடு ரசீது காட்டிச் சண்டை பிடிக்கிறவன் குரல்.

“நான் எங்கையப்பா தோத்தனான்? பிஸ்கற் ரின்னிலை தோத்தனான். வோட்டிலை தோக்கேல்லை.” சான்விச்சை மடியில் வைத்தாள். “அந்த ஜன்னல் எழுத்துக்குப் பிறகு, கடைக்கு வாற ஒவ்வொரு ஆளின்ரை கையையும் பாப்பன். நகத்திலை சிவப்புப் பெயின்ற் இருக்கோ எண்டு. கிழவியளின்ரை கையைக் கூட. முழு ஊரும் அவனுக்குப் பின்னாலை நிக்கிற மாதிரி இருந்தது. இண்டைக்கு எனக்கு முன்னாலை வைச்சு ஒவ்வொண்டா எண்ணிக் காட்டினவை. ரெண்டு தரம்.”

“மற்றப் பாதி?”

“மற்றப் பாதியிலை கனபேர் தேலியாவுக்குப் போட்டவை அப்பா.”

“தீக்குச்சி போட்டவன்?”

அவள் கன்னத்து மயோனிஸைத் துடைத்தாள். பின்னால் ஒரு பஸ் போனது.

“அவன் இருக்கிறான். பயமும் இருக்கு. போகேல்லை. ராவிலை கதவடியிலை ஒரு வாளி தண்ணி வைச்சுப்போட்டுத்தான் படுக்கிறம்.” அதை அவள் எங்களுக்குச் சொன்னது அன்றுதான் முதல்தடவை. “ஆனா ஆரோ ஒருத்தன் திரும்பிப் போ எண்டான். இத்தினை பேர் இரு எண்டு சொல்லியிருக்கினம். நான் ஆரின்ரை சொல்லைக் கேக்கிறது, சொல்லுங்கோ?”

நான் எப்போதும் எதையாவது சொல்லிவிடுகிறவன். செத்த வீட்டிலும் ஒரு பகிடி விட்டு அடி வாங்கியவன். கண்ணாடியில் எழுதினவனையும் என்னையும் சேர்த்து ஒரே கட்சி என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேனே, அந்தப் பகிடி திரும்பி வந்து எனக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தது. கட்சியில் இரண்டே பேர். ஒருவன் பெயின்ற் வாங்கினான். மற்றவன் பாண் நேர்ந்தான்.

“உன்ரை விருப்பம் அம்மா” என்று சொல்லிவிட்டு, போனை மாக்கிரட்டிடம் கொடுத்தேன். “வாளியைப் பெரிசா வையுங்கோ” என்று அவள் சொல்வது கேட்டது.

அன்று முழுக்க நானும் அந்தோனியாரும் வழக்காடினோம். நான் சொன்னேன்: ஐயா, நான் கேட்டது அவள் வரவேண்டும் என்பதற்காக. அவர் சொன்னார்: நீ கேட்டது தோல்வி. தோல்வி தந்தேன். வருகையைப் பற்றி நீ வாய் திறக்கவில்லை. சட்டப்படி அவர் சொல்வது சரி. ஆனாலும் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். யாருக்குத் தெரியும்? ஆனால் நேர்ந்ததைக் கொடுக்காமல் விட்டால் அது நேர்ந்தவனை அண்டாது, பிள்ளையைத்தான் அண்டும் என்று நம்பி வளர்ந்தவன் நான். வேறு நேரமென்றால் இதையெல்லாம் கேலி செய்வேன். கதவடியில் வாளித் தண்ணீர் வைத்துப் படுக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு கேலி செய்ய முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் எங்கள் தெருமுனைக் கிரேக்கர் பேக்கரியில் சின்னப் பாண்களாக ஒரு கூடை வாங்கினேன். மாக்கிரட் துப்புரவு வேலை முடிந்து நேரே கோயிலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். பூசை முடிவதற்குள் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

முதலில் வந்தவன் ஜெராட்.

“என்ன அண்ணை விசேஷம்?”

“மகளுக்கு.”

“தோத்ததுக்கும் பாண் குடுக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவனாகவே ஒரு விளக்கம் கண்டுபிடித்தான். “விளங்குது அண்ணை. எது வந்தாலும் நன்றி சொல்லவேணும். பெரிய மனசு.” பாணைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். அதோடு நிற்கவில்லை, பின்னால் வந்தவர்களுக்கும் சொல்லிவிட்டான். அதனால் ஒருவரும் கேட்கவில்லை. கையைப் பிடித்து, “பாவம் பிள்ளை” என்றார்கள். “உங்களைப்போலத் தகப்பன் கிடைக்கக் குடுத்துவைக்கவேணும்” என்று ஒரு அம்மா கண் கலங்கினா. அவவுக்கு இரண்டு பாண் கொடுத்தேன்.

மாக்கிரட் கடைசியாக வந்தாள். கூடையைத் தூரத்திலேயே கண்டுவிட்டாள். ஆனாலும் நேரே வராமல், மற்றவர்களைப்போல வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது கையை நீட்டினாள். நான் பாணை வைத்தேன்.

“என்ன விசேஷம்?”

முறைப்படி கேட்டாள். ‘மகளுக்கு’ என்று சொல்ல வாய் எடுத்தேன். முப்பத்தைந்து வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறவளிடம் அந்த அரைச் சொல் செல்லாது.

“அவள் தோத்ததுக்கு” என்றேன்.

“கேட்டனீங்களோ?”

“ஓம்.”

“எப்ப?”

“தீக்குச்சிக்கு அடுத்த நாள்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்கு நான் பதில் வைத்திருந்தேன். கையில் இருந்த பாணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்தக் குச்சியைக் கொண்டந்து போட்டவனும் அதைத்தானே கேட்டவன்” என்றாள், மெதுவாக.

“எனக்குப் பயம் மாக்கிரட்.”

“எனக்கென்ன, பயமில்லையோ? நானும் அந்த வாளியோடைதான் படுக்கிறன்.” மூக்கை உறிஞ்சினாள். “பயத்திலை பிள்ளைக்காக் கேக்கிறது வேறை. பிள்ளைக்கு எதிராக் கேக்கிறது வேறை.”

கூடையில் ஒன்றும் மிச்சம் இல்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டேன். அவள் படியிறங்கித் தெருவில் நடக்கத் தொடங்கினாள். அந்தப் பாணை எறிந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆனால் அந்தோனியார் பாணை எறியக்கூடாது. எதற்காகக் கொடுத்தது என்றாலும் வாங்கினால் சாப்பிட்டு முடிக்கவேண்டும். அவளுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். சின்னச் சின்னதாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு நடந்தாள். விழுங்கக் கஷ்டப்படுவது பின்னாலிருந்தே தெரிந்தது. ஒரு டெப்பனர், சின்னச் சில்லறைக் கடை, வாசலில் தண்ணீர்ப் போத்தல் வாங்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள்.

வெறும் கூடையோடு நான் அவளுக்குப் பின்னால் நடந்தேன். பாண் முடியும்வரை அவள் என்னோடு கதைக்கமாட்டாள். சின்னப் பாண்தான். ஆனால் அவள் மிக மெதுவாகச் சாப்பிட்டாள்.